பதினோரு எழுத்தும் ஒரு சனிக்கிழமையும்

பனியன் கம்பெனியில் சம்பளம் போடுகிறவர்களுக்கு வாரத்தில் எல்லாக் கிழமையும் உண்டு, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கிடையாது. எங்கள் ஊரில் வாரச் சம்பளம். தைத்ததையெல்லாம் கூட்டிக் கழித்து, பேங்கிலிருந்து சில்லறை நோட்டோடு பணம் எடுத்து வந்து, ஆளுக்கொரு கவரில் போட்டு, ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். வாங்குகிறவர் அங்கேயே நின்று எச்சில் தொட்டு எண்ணுவார். ஒரு நோட்டு குறைகிறதே என்பார். அது போன வாரம் அவர் வாங்கிய முன்பணம் என்று நான் ஞாபகப்படுத்த வேண்டும். அவருக்கு ஞாபகம் வந்து அடுத்தவர் நகர்ந்து வருவதற்குள் வெளியே டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்திருப்பார். டைம் ஆபீஸ், அக்கவுண்ட்ஸ் என்று எந்தப் பெயரில் இந்த ஜன்னலுக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் சரி, என் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதியது.

என் பெயர் எஸ்தர். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். எனக்கு ஒரு ஆசை உண்டு, பெரிய ஆசையெல்லாம் இல்லை. எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனையில் கொயரில் நின்று பாட வேண்டும். பயிற்சி எப்போது என்கிறீர்கள்? சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. வருஷா வருஷம் மற்றவர்கள் வெள்ளை அங்கி போட்டு முன்னால் நிற்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாடிக்கொள்வேன். கொயர் மாஸ்டர் சாமுவேல் அண்ணன், பகலில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், இந்த வருஷம் மனமிரங்கி ஒரு பாட்டில் தனியாகப் பாட இரண்டு வரி எனக்குக் கொடுத்தார். நவம்பர் கடைசி சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் பயிற்சிக்கு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அந்த இரண்டு வரியும் அவருடைய கொழுந்தியாளுக்கு என்றும் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பாடிக் கேட்டிருக்கிறேன். ஆகவே இதில் என் ஆசை மட்டுமல்ல, சபையின் நலனும் அடங்கியிருந்தது.

கர்த்தர் கண் திறந்தார். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட்டர் ஒருவர் எங்கள் கவர்களைப் பார்த்து முகம் சுளித்து, இனிமேல் சம்பளமெல்லாம் பேங்க் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். நவம்பர் கடைசி சனிக்கிழமைதான் முதல் தடவை என்று நானே முந்திக்கொண்டு தேதி சொன்னேன். அதற்கு என்ன காரணம் என்று முதலாளி கேட்கவில்லை. ஆனால் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அம்மிணி, ஒரே ஒரு ஆளுக்குப் பணம் திரும்பி வந்துச்சுன்னாலும் நான் பழையபடி கவரு வாங்கியாந்து வெச்சுப்போடுவேன், பாத்துக்குங்க."

பந்தியில் ஒரு இலை

பேங்கில் பணம் போடக் கணக்கு நம்பர் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். போதாது. கதவு நம்பரை மட்டும் எழுதித் தபால் போட்டால் எந்த ஊருக்குப் போகும்? அதற்குத்தான் ஐ.எஃப்.எஸ்.சி. என்று பதினோரு எழுத்தில் ஒரு குறியீடு. முதல் நாலு எழுத்து எந்த பேங்க் என்று சொல்லும். கடைசி ஆறும் அந்த பேங்கில் எந்தக் கிளை என்று சொல்லும். நடுவில் ஐந்தாவதாக நிற்பது பூஜ்யம். அதை ஆங்கில ஓ என்று எழுதிவிட்டால் பணம் போகாது. டீ நேரத்தில் கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்று இதையெல்லாம் டவுன் பஸ்ஸை வைத்து விளக்கினேன். முதல் நாலும் எந்த முதலாளியின் பஸ், கடைசி ஆறும் எந்த ஸ்டாப். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் புரியவில்லை என்று அர்த்தம்.

அந்த நடு பூஜ்யம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நான் பயந்த கேள்வி அது. இப்போதைக்கு அதற்கு வேலை எதுவும் இல்லை, பிற்பாடு தேவைப்படும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதை விட்டுவிட்டாலும் பணம் நகராது என்று உள்ளதைச் சொன்னேன். வேலையில்லாத ஒன்றுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஒரே சிரிப்பு. அப்போது எங்கள் செக்கிங் பிரிவின் தலைவி பாப்பாத்தி அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு டீ-ஷர்ட்டில் ஒரு நூல் பிசகினால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது, அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

"பந்தியில சம்பந்தியூட்டுக்குன்னு ஒரு எலைய ஒதுக்கி வெச்சுட்டுத்தான நாம உக்காருவம்? அதாட்டத்தான் இதும். ஆளு வரலீன்னாலும் எலைய எடுத்தறக் கூடாது."

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் ஐந்தாவது எழுத்தை யாரும் தப்பாக எழுதவில்லை. நான் மூச்சு முட்ட விளக்கியதற்கு ஒருவரும் நன்றி சொல்லவுமில்லை.

மச்சான் சாட்சி

அடுத்து, பாஸ்புக்கின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சொன்னது தமிழில்தான். வந்தவற்றைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவர் பாஸ்புக்கின் அட்டையை மட்டும் முன்னும் பின்னுமாக எடுத்திருந்தார். இன்னொருவர் பாஸ்புக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு குடும்பத்தோடு எடுத்திருந்தார். எல்லோரும் சிரித்தபடி நன்றாகவே இருந்தார்கள், பாஸ்புக்கில் எழுத்து மட்டும் தெரியவில்லை.

எல்லாரையும் தோற்கடித்தவர் ஃப்ளாட்லாக் மிஷினில் தைக்கும் டைலர் முருகேசன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், கணக்கும் அங்கேதான். நான் பாஸ்புக்கில் கிளை தெரிய வேண்டும் என்று சொன்னதில் 'கிளை தெரிய வேண்டும்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஊருக்கு போன் போட்டிருக்கிறார். மறுநாள் என் செல்லுக்கு ஒரு படம் வந்தது. பேங்க் கட்டடம், மேலே போர்டு, வாசலில் இரண்டு பைக், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இது என்ன முருகேசா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் புரியவில்லை.

"கிளை நல்லாத் தெரியுதுல்லா மேடம்? கூட நிக்கது எம் மச்சான்தான். சந்தேகம்னா அவன்ட்டயே கேட்டுக்கிடுங்க, பொய் சொல்ல மாட்டான்."

ரூபாய்க்கு சீட்

பிஜய் ஒடிசாக்காரர். எங்களிடம் வந்து இரண்டு தீபாவளி ஆகிவிட்டதால் தமிழ் நன்றாகவே வரும். கணக்கு நம்பரைத் தெளிவாக, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். கீழே குறியீடு மட்டும் எங்கள் தொழிற்பேட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கும் கிளையுடையது. அது வேறு பேங்க். அவருடைய கணக்கோ ஒடிசாவில் ஊர்ப் பக்கம். ஏன் இப்படி என்று விசாரித்தால், ஊர் பேங்க் ரொம்ப தூரம், அங்கே அனுப்பினால் பணம் போய்ச் சேரவே நாளாகும், அப்புறம் அதை எடுக்க அவர் ஊருக்குப் போக வேண்டும், இது பக்கத்தில் இருக்கிறது, இதில் போட்டால் சாப்பாட்டு நேரத்தில் நடந்து போய் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நியாயமான யோசனைதான். பணம் ரயிலில் போவதாக இருந்தால் நானும் அப்படித்தான் எழுதுவேன்.

வாயால் சொல்லி முடியாது என்று தெரிந்தது. அவருடைய உண்மையான குறியீட்டைத் தேடி எடுத்து, அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, என் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பினேன். நான் செல்லைக் கீழே வைப்பதற்குள் அவர் சட்டைப் பையில் மெசேஜ் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், ஏதாவது வண்டி போகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. இங்கேயே ஏ.டி.எம்.மிலும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"மேடம், நான் ஊர் போனா ரெண்டு நாள். ரிசர்வேஷனும் கிடைக்காது. ரூபாய்க்கு மட்டும் எப்படி உடனே சீட் கிடைக்குது?"

கட்டுக்கு ஒரு நம்பர்

இப்படி ஒவ்வொருவராகப் பிடித்தால் சனிக்கிழமைக்குள் முடியாது என்று லைன் சூப்பர்வைசர் கனகராஜிடம் உதவி கேட்டேன். நல்ல மனிதர், வேலையில் புலி. ஒரே நாளில் அவருடைய தையல் லைன் முழுவதற்கும் ஆளுக்கொரு பேங்க் விவரப் பாரம் நிரப்பி, ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டார். எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. கொயர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கட்டைப் பிரித்தேன். மேலே இருந்த பாரத்தில் பதினோரு எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அடுத்ததில் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் 'மேலே உள்ளபடி' என்று எழுதியிருந்தது. அதற்கடுத்ததில் அதே. கடைசி வரைக்கும் அதே. அந்த லைனில் வெள்ளகோவில் ஆள் இருக்கிறார், மூலனூர் ஆள் இருக்கிறார், தென்காசி ஆள் இருக்கிறார், பிஜய் இருக்கிறார். அத்தனை பேரும் ஒரே பேங்கில் ஒரே கிளையில் கணக்கு வைத்திருப்பதாக கனகராஜ் தீர்மானித்துவிட்டார்.

கோபத்தோடுதான் லைனுக்குப் போனேன். போன இடத்தில் காரணம் புரிந்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சல். கட்டிங்கிலிருந்து துணி வரும்போது கட்டுக் கட்டாக வரும். கட்டின் மேல் பீஸில் மட்டும்தான் நம்பர் எழுதியிருக்கும், கீழே இருப்பதற்கெல்லாம் அதே நம்பர்தான். இருபது வருஷமாக அப்படியே பார்த்துப் பழகிய மனிதர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாரத்தையும் கட்டாகக் கட்டிவிட்டார். புதன்கிழமை மத்தியானம், கையில் ஒரு குறியீடு, சனிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். சாமுவேல் அண்ணனின் கொழுந்தியாள் தொண்டையைச் செருமிக்கொள்வது காதில் கேட்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி நம்பர் கனகராஜ் என்று சொன்னேன், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"ஒரு லாட்டுக்கு ஒரு நம்பரு தானுங்களே மேடம்? பீசுக்குப் பீசு வேற நம்பருன்னா நாங்க எந்தக் காலத்துலீங்க தெச்சு முடிக்கறது?"

மொய்

கனகராஜ் தன் தப்பைத் தானே சரிசெய்யக் கிளம்பினார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு ஆள் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கி வியாழக்கிழமை மாலைக்குள் கொண்டுவந்து கொட்டிவிட்டார். அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பாதிப் பேருடைய பாஸ்புக் பழையது. அவர்கள் கணக்கு வைத்திருந்த பேங்க் வேறொரு பெரிய பேங்கோடு சேர்ந்து நாளாகிவிட்டது. கட்டடம் அதேதான், கேஷியர் அதேதான், வாசலில் காவலுக்கு இருப்பவரும் அதே ஆள்தான். போர்டும் குறியீடும் மட்டும் மாறிவிட்டன. பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் பழைய குறியீட்டைப் போட்டால் பணம் மரியாதையாக நம்மிடமே திரும்பி வந்துவிடும்.

புதுக் குறியீடுகளை வாங்கிவர அரை நாள் அனுமதி கேட்டு முதலாளியிடம் போனேன். அவர் பேங்க் பெயரைக் கேட்டதும் எழுந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே கம்பெனியின் பில் புத்தகங்கள் அடுக்காக இருந்தன, எல்லாம் புத்தம் புதிது, போன மாதம்தான் சிவகாசியில் அச்சடித்து வந்தது. ஒன்றை எடுத்துக் கீழ்க்கோடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பழைய குறியீடு. அவருடைய கணக்கும் அதே பேங்கில்தான். பேங்குகள் ஒன்று சேர்ந்ததை அவர் பேப்பரில் படித்திருக்கிறார், நல்ல விஷயம் என்றுகூட நினைத்திருக்கிறார். இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

"அவிய ரெண்டு பேரும் கண்ணாலம் பண்ணிக்கிட்டதுக்கு நான் ஏனுங்க அம்மிணி மொய் வெக்கோணும்?"

அம்புக்குறி

அரை நாள் பேங்கில் நின்று புதுக் குறியீடுகளை வாங்கி வந்தேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பாரமும் சரியாக முடிந்து என் மேஜையில் இருந்தன. சரியாக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பு தெரியாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனியில் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பிரிவு சம்பளம் வாங்குகிறதே, அவர்களிடம் கொடுத்தால் என்ன? கம்ப்யூட்டரில் நான் அடித்த பட்டியலையும் பாரங்களையும் பாப்பாத்தி அக்காவின் மேஜைக்கு எடுத்துப் போனேன். இதில் இருக்கிறபடியே அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் அக்கா என்றேன். அக்கா ட்யூப் லைட்டைப் போட்டார், இரண்டு பெண்களை இடமும் வலமும் நிறுத்திக்கொண்டார், முதல் பாரத்தை லேசாக இழுத்துப் பார்த்தார். பேப்பர் என்று ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டார்.

செக்கிங்கில் ஒரு வழக்கம். துணியில் எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி டைலருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாரங்கள் வந்தன. நான் ஒரு எண்ணை மாற்றி அடித்திருந்த இடத்தில் அம்பு இருந்தது, அதற்காக அவர்கள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். ஆனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பாரத்திலும் அம்பு. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எழுத்தெல்லாம் சரியாகவே இருந்தது. முந்தின இரண்டு ராத்திரி தூக்கமில்லாதது வேறு. இதில் என்ன தப்பு அக்கா என்று கெஞ்சினேன்.

"தப்பொண்ணும் இல்ல கண்ணு, எழுத்தெல்லாம் சரிதான். பாதி நீல மையி, பாதி கருப்பு மையி. ஷேடு மாறுனா எந்த பையரு எடுப்பான்? அதான் தள்ளிப்போட்டேன்."

ரகசியம்

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பட்டியலை பேங்கின் வலைத்தளத்தில் ஏற்றினேன். மீதி ஒரே ஒரு வேலை. முதலாளியின் செல்லுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், அதை அடித்தால் பணம் கிளம்பிவிடும். எண் வந்தது. சொல்லுங்க என்றேன். அவர் செல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று போன் செய்தாலே ஒரு குரல் சொல்கிறது, டிவியில் சொல்கிறார்கள், பேங்க் வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள். நான் சம்பளம் போடுகிறவள், இது சம்பளத்துக்குத்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அப்படியென்றால் அவரே வந்து அடிப்பதாகச் சொன்னார்.

என் நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணாடியைத் தேடினார், அது காரில் இருந்தது. கண்ணாடி வருவதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. அடுத்த எண் வந்தது. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார், இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். ஒரு இலக்கம் பிசகிவிட்டது. மூன்றாவது எண்ணுக்குக் காத்திருக்கும்போது சாமுவேல் அண்ணன் போனில் கூப்பிட்டு, வருகிறீர்களா இல்லை கொழுந்தியாளிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். ஆறு மணிக்கு அங்கே இருப்பேன் என்று சொல்லிவிட்டு சுவரைப் பார்த்து ஜெபம் செய்தேன். ஒரு தடவை மட்டும் பொறுக்க முடியாமல், என்னிடம் சொல்வதில் என்ன தப்பு என்று முதலாளியைக் கேட்டே விட்டேன்.

"ஊட்டுல பொண்டாட்டி கேட்டே சொல்லுலீங்க அம்மிணி. உங்குளுக்குச் சொன்னன்னு தெரிஞ்சா எனக்கு ராத்திரிக்குச் சோறு கெடைக்குமுங்களா?"

வரிசை

எண் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பணம் கிளம்பிவிட்டதாகத் திரையில் வந்தது. நான் ஜன்னல் வழியாகத் தையல் ஹாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மட்டும் எல்லோரும் செல்லை மிஷின் மேல் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி விட்டிருந்தார். அவ்வளவு மிஷின் சத்தத்தில் மெசேஜ் சத்தம் எங்கே கேட்கும்? ஆனால் மிஷின் நிற்பது கேட்டது. முதலில் மூலையில் ஒன்று நின்றது. அப்புறம் முருகேசனுடைய ஃப்ளாட்லாக் நின்றது. அப்புறம் வரிசையாக இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றுகொண்டே வந்து, கடைசியில் ஹால் முழுவதும் அமைதி. பிஜய் தன் செல்லைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஒரு பணமும் திரும்பி வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இவ்வளவு சந்தோஷம் சம்பளம் வாங்கும்போதுகூட வந்ததில்லை.

ஐந்து மணிக்கு மிஷின்களை நிறுத்திவிட்டார்கள். நான் தலைவாரி, பாட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்து, எத்தனையோ வருஷம் கழித்து வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பக் கதவைத் திறந்தேன். வாசலில் வரிசை நிற்கிறது. எப்போதும் போல, ஜன்னலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், முன்னால் செக்கிங், பின்னால் டைலர்கள். யாருக்கு வரவில்லை என்று கேட்டேன். எல்லோருக்கும் வந்துவிட்டது என்றார்கள். கூடக்குறைய இருக்கிறதா என்றேன். இல்லை, சரியாக இருக்கிறது என்றார்கள். பிறகு எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பாப்பாத்தி அக்காதான் வாய் திறந்தார்.

"கையெழுத்துப் போடாத சம்பளத்த எப்பிடி கண்ணு ஊட்டுக்குக் கொண்டு போறது? திருடிட்டுப் போறாப்பல இருக்குது."

ஆறு மணி

பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து கையெழுத்து நோட்டை விரித்தேன். இரண்டு வரியும் போய்விட்டது, போகட்டும், இவர்கள் இவ்வளவு மரியாதையாக நிற்கும்போது நான் எப்படிக் கிளம்புவது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நான் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் என் சாயங்காலத்தைத் தின்றது கையெழுத்து இல்லை, எண்ணிப் பார்ப்பதுதான். இப்போது எண்ண ஒன்றும் இல்லை. செல்லைக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், நகர்ந்தார்கள். பிஜய் ஒடியாவில் வட்ட வட்டமாகப் போட்டார். முருகேசன் போட்டுவிட்டு, தன் மச்சானுக்கும் ஒரு இடம் உண்டா என்று கேட்டார். கடைசி ஆள் பேனாவை வைத்தபோது ஐந்தரை கூட ஆகவில்லை. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று முருகேசன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் சபை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

உள்ளே சாமுவேல் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் என் இடத்தில் பேப்பரோடு நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். பாட்டு ஆரம்பித்தது. என் இரண்டு வரியும் வந்தபோது நான் பாடினேன். எப்படிப் பாடினேன் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் என் குரல் அந்த மேற்கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்ததை நான் கேட்டேன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிந்ததும் சாமுவேல் அண்ணன் ஆர்கனை மூடிவிட்டு என்னை நோக்கி வந்தார். பாராட்டப் போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் கையில் செல் இருந்தது. அவருக்குப் பின்னால் மேல் குரலில் சோப்ரானோ பாடும் பெண்கள் இரண்டு பேர், டெனர் பாடும் ஆண் ஒருவர், எல்லோர் கையிலும் செல். எல்லோருக்கும் கடைசியில் கொழுந்தியாள் பாஸ்புக்கோடு நின்றார்.

"அந்த ரெண்டு வரி இனி உங்குளுதுதானுங்க எஸ்தரு, நான் ஊட்டுல பேசிக்கறேன். ஆர்கன் ரிப்பேருக்கு அனுப்புன பணம் திரும்பித் திரும்பி வந்துருதுங்க, இந்தப் பதினோரு எழுத்த மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுத்தர்றீங்களா?"

ஆக, கவரிலிருந்து எனக்கு இந்தப் பூமியிலேயே விடுதலை கிடைத்துவிட்டது, குறியீட்டிலிருந்து விடுதலைக்குப் பரலோகம்தான் போக வேண்டும், அங்கேயும் வாசலில் யாரும் பாஸ்புக்கோடு நிற்காமல் இருக்க வேண்டும்.